எல்லோருக்கும் 20 என்று எழுதாதீர்கள்

எங்கள் நெஞ்சு நோய் வார்டுக்குப் புதிதாக வரும் ஸ்டாஃப் நர்ஸுக்கு நான் முதல் நாள் கொடுக்கும் வேலை ஒன்றுதான். எல்லா கேஸ் ஷீட்டையும் எடுத்து, சுவாச எண்ணிக்கை எழுதும் கட்டத்தை மட்டும் வரிசையாகப் படித்துக்கொண்டு வா என்பேன். 20, 20, 22, 20, 20. நேற்று ராத்திரி இழுப்போடு வந்தவருக்கும் 20. நாளைக்கு வீட்டுக்குப் போகப்போகிறவருக்கும் 20. பிபி ஆளுக்கு ஆள் மாறியிருக்கும், சுகர் மாறியிருக்கும், காய்ச்சல் மாறியிருக்கும். மூச்சு மட்டும் வார்டு முழுக்க ஒரே அளவில் ஓடிக்கொண்டிருக்கும்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கட்டில் நிறைந்து தரையிலும் பாய் விரித்திருக்கும் நாளில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிபிக்கு மெஷின் இருக்கிறது, சுகருக்கு ஸ்ட்ரிப் இருக்கிறது, விரலில் மாட்ட ஆக்சிமீட்டர் இருக்கிறது. மூச்சை எண்ணத்தான் மெஷின் இல்லை. ஒரு கைக்கடிகாரமும் முழுசாக ஒரு நிமிடமும் வேண்டும். அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை. ஆனால் நெஞ்சு நோயாளியிடம் வேறு எதை விட்டாலும் இதை விடக்கூடாது என்பேன்.

காரணம் எளிது. நுரையீரல் சரியாக வேலை செய்யாதபோது உடம்பு முதலில் செய்வது மூச்சின் வேகத்தைக் கூட்டுவது. அப்படி இழுத்து இழுத்துத்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்காமல் பிடித்து நிறுத்துகிறது. அதனால் விரலில் மாட்டிய மெஷின் 96 காட்டும். ஆனால் அந்த 96-க்காக அவர் நிமிடத்துக்கு 30 தடவை மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். எவ்வளவு நேரம் ஒரு மனிதனால் அப்படி உழைக்க முடியும்? களைத்துப்போனதும் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஏறியிருக்கும் அந்த ஆக்சிஜன் சதவீதம், சரியும்போது நமக்கு அது திடீரென்று நடந்ததுபோலத் தெரியும். திடீரென்று எதுவும் நடந்திருக்காது. சாயங்காலத்திலிருந்தே அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்திருப்பார், நாம்தான் எண்ணியிருக்க மாட்டோம்.

நிமோனியாவோடு சேர்ந்த ஒரு லாரி டிரைவர் நினைவுக்கு வருகிறார். பிபி நன்றாக இருந்தது, சாச்சுரேஷன் 96, பக்கத்துக் கட்டில்காரரோடு பேசிக்கொண்டும் இருந்தார். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி ஒழுங்காக ஒரு நிமிடம் எண்ணிவிட்டு, "அக்கா, எனக்கு 34 வருது, தப்பா எண்ணிட்டேனா?" என்று கேட்டாள். நானும் எண்ணினேன். 34-தான். ட்யூட்டி டாக்டரைக் கூப்பிட்டோம், ரத்த வாயுப் பரிசோதனை போனது, இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் அவரை ஐசியுவுக்கு மாற்றி, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தள்ளி மூச்சுக்கு உதவும் பைபேப் மெஷின் போட்டாகிவிட்டது. மூன்றாம் நாள் வார்டுக்குத் திரும்பினார். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் வழக்கம்போல 20 என்று எழுதியிருந்தால் காலை ரவுண்ட்ஸ் வரை யாரும் அவரைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

எண்ணுவதற்கும் ஒரு பக்குவம் உண்டு. "மூச்சை எண்ணப்போகிறேன்" என்று சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும். சிலர் அடக்கிக்கொள்வார்கள், சிலர் வேகமாக விடுவார்கள். அதனால் நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றி எண்ண வேண்டும். போர்வைக்கு மேலோ புடவைக்கு மேலோ அசைவு தெரியவில்லை என்றால், அவர் கையையே அவர் மேல்வயிற்றில் வைத்து அதன் மேல் என் விரலை வைத்துக்கொள்வேன். 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது வேண்டாம். அதில் ஒன்று தவறினால் விடையில் நான்கு தவறும். மூச்சு ஒழுங்கில்லாமல் விட்டுவிட்டு வருபவருக்கு அந்தக் கணக்கு சுத்தமாக உதவாது.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை சரி. 21-லிருந்து 24 என்றால் அடிக்கடி பார்க்க வேண்டிய ஆள். 25-ஐத் தொட்டால் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். 8-ம் அதற்குக் கீழும் அதே அளவு ஆபத்து. தூக்க மாத்திரை, பூச்சிமருந்து, தலைக்காயம் எல்லாம் அங்கே வரும். பிரிட்டனில் 2017-இல் திருத்தி வெளியிட்ட நியூஸ்-2 எச்சரிக்கை அட்டவணையில் இந்த இரண்டு முனைக்கும் ஆபத்துக்கான முழு 3 மதிப்பெண். குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் அளவு வேறு: 2 மாதத்துக்குக் கீழே 60, 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. அழாமல் அம்மா மடியில் இருக்கும்போது எண்ண வேண்டும். அழும் குழந்தையை எண்ணிப் பயனில்லை.

இந்த எண் வெறும் காகிதத்துக்கு இல்லை என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லா திட்டம். காசநோய் என்று உறுதியான உடனேயே, பெரிய பரிசோதனை எதுவும் இல்லாமல், அங்கே இருக்கும் சுகாதாரப் பணியாளரே சில விஷயங்களைப் பார்க்கிறார். உயரமும் எடையும் வைத்துக் கணக்கிடும் பிஎம்ஐ 14-ஓ அதற்குக் கீழோ இருக்கிறதா, கால் வீங்கியிருக்கிறதா, சுவாசம் 24-க்கு மேல் போகிறதா, சாச்சுரேஷன் 94-க்குக் கீழே இருக்கிறதா, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. இதில் தேறாதவர்களை மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பாமல், டாக்டர் முழுதாகப் பரிசோதித்து வார்டில் சேர்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். காசநோயில் நடக்கும் சாவுகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள் நடப்பதால்தான் இந்த அவசரம். இப்போது யோசித்துப் பாருங்கள்: 24-க்கு மேல் என்பது சேர்க்கையைத் தீர்மானிக்கும் கோடு. எண்ணாமல் 20 போட்டால் அந்த ஆள் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுவார்.

எண்ணிக்கையை விடக் கண் இன்னும் வேகமானது. கட்டிலை நெருங்கும் முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். இரண்டு கையையும் முட்டியிலோ கட்டில் விளிம்பிலோ ஊன்றி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாரா? கழுத்துத் தசை ஒவ்வொரு மூச்சுக்கும் புடைக்கிறதா? மூக்கு விடைக்கிறதா? விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா? மூச்சை இழுக்கும்போது வயிறு வெளியே வராமல் உள்ளே போகிறதா? இந்தக் கடைசி ஒன்று இருந்தால் உதரவிதானம் களைத்துவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் நின்று யோசிக்க நேரம் இல்லை.

அப்புறம் பேச்சு. "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டிவிடுவார்கள். அதனால் நான் "காலையில என்ன சாப்பிட்டீங்க, யாரு கொண்டு வந்தாங்க?" என்று கேட்பேன். முழு வாக்கியமாகப் பதில் சொன்னால் கொஞ்சம் நிம்மதி. "இட்லி... மருமக... கொண்டு வந்துச்சு" என்று வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் நிலைமை மோசம். இதையும் அப்படியே குறிப்பில் எழுதலாம். "மூச்சுத்திணறல் உள்ளது" என்று எழுதுவதைவிட "இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியவில்லை" என்று எழுதினால் அடுத்த ட்யூட்டிக்கு வருகிறவர் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

ராத்திரி 2 மணிக்கு மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, "நான் வீட்டுக்குப் போகணும்" என்று எழுந்து நிற்கும் பெரியவரை எல்லா வார்டிலும் பார்க்கலாம். "குடிக்கிற ஆளு சிஸ்டர், அதான் ஆட்டம் போடுறாரு" என்று மகனே சொல்வார். குடி நின்றதால் வரும் குழப்பமாகவும் இருக்கலாம்தான். ஆனால் மூளைக்கு ஆக்சிஜன் குறைவதன் முதல் அடையாளங்களில் இந்தப் பரபரப்பும் ஒன்று. கையைக் கட்டுவதற்கும் தூக்க ஊசி கேட்பதற்கும் முன்னால் சாச்சுரேஷன், மூச்சு எண்ணிக்கை, சுகர் மூன்றையும் பார்த்துவிடுங்கள். உதடும் நாக்கும் நீலமாவது ரொம்பப் பிந்தி வரும் அடையாளம். ரத்தசோகை உள்ளவருக்கு அதுவும் தெரியாமலே போகலாம்.

அதற்கு நேர்மாறாக, ராத்திரி முழுக்கத் திணறிக்கொண்டிருந்த ஆஸ்துமாக்காரர் விடியற்காலையில் அமைதியானால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். தட்டி எழுப்பிப் பேசவைத்துப் பாருங்கள். ஸ்டெத்தை வையுங்கள். வீசிங் சத்தம் கேட்காமல் போவதற்கு இரண்டு காரணம் உண்டு: மூச்சுக்குழாய் திறந்துவிட்டது, அல்லது சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று உள்ளே போகவில்லை. முதல் ஆள் தெளிவாகப் பேசுவார். இரண்டாவது ஆளுக்கு வென்டிலேட்டர் தேவைப்படலாம்.

ஆக்சிமீட்டர் பற்றி ஒரு வார்த்தை. 2021 மே மாதத்துக்குப் பிறகு அது இல்லாத தெருவே இல்லை. நல்லதுதான். ஆனால் மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல், அதே கையில் இறுகும் பிபி பட்டை, நடுக்கம் எல்லாமே அதைக் குழப்பும். திரையில் அலை ஒழுங்காக ஓடாதவரை எண்ணை நம்பாதீர்கள். வேறு விரல் அல்லது காது மடலில் பாருங்கள். தீ விபத்திலோ, மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையிலோ மாட்டியவருக்கு 99 காட்டும். கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தை அந்த மெஷினால் பிரித்துப் பார்க்க முடியாது. கறுத்த தோலுள்ளவர்களுக்கு உண்மையான அளவைவிடக் கூட்டிக் காட்டுவது உண்டு என்று 2020-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. நம் ஊரில் அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: சர்க்கரை கட்டுக்கடங்காமல் போய் ரத்தம் அமிலமானவர் 99 சாச்சுரேஷனோடு ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குவார். நெஞ்சில் கோளாறே இருக்காது. அவரை வீசிங் என்று நினைத்து நெபுலைசர் வைத்துக்கொண்டிருந்தால் நேரம்தான் போகும்.

சாச்சுரேஷனை எழுதும்போது எவ்வளவு ஆக்சிஜனில் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். "96" என்பது பாதித் தகவல். வெறும் காற்றில் 96 இருப்பவர் வேறு, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஆக்சிஜனில் 96 இருப்பவர் வேறு. நேற்று 2 லிட்டரில் 96, இன்று 6 லிட்டரில் 96 என்றால் அவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார். எண் மட்டும் அப்படியே நிற்கிறது.

இனி ஆக்சிஜன். இங்கேதான் எங்களுக்கும் கூட இருக்கும் சொந்தக்காரர்களுக்கும் தினசரிச் சண்டை.

எங்கள் வார்டில் சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோயோடு வரும் பெண்களில் பலர் வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டதில்லை. விறகடுப்பு, வறட்டி, ஜன்னல் இல்லாத சமையல்கட்டு. கேஸ் வந்து பல வருடம் ஆகியிருந்தாலும் வெந்நீர் வைக்கவும் நெல் அவிக்கவும் வெளியே விறகடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் "புகை பிடிப்பீங்களா?" என்ற கேள்வியோடு நிறுத்தாமல், எதில் சமைத்தீர்கள், எத்தனை வருடம் என்று கேட்க வேண்டும். பஞ்சாலை, கல் குவாரி, தீப்பெட்டி, கோழிப்பண்ணை, எங்கே வேலை பார்த்தார்கள் என்பதும் அதே அளவு முக்கியம்.

இப்படி நாள்பட்ட சிஓபிடி உள்ளவர்களுக்கு எட்ட வேண்டிய சாச்சுரேஷன் 88 முதல் 92 வரைதான். மகன் பார்க்கிறார்: மெஷினில் 90. யூடியூபில் 95-க்கு மேல் இருக்கணும் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பக்கம் போனதும் ஃப்ளோமீட்டரைத் திருகி 8 லிட்டருக்கு வைத்துவிடுகிறார். அம்மா "நல்லா தூங்குறாங்க". தூக்கம் இல்லை அது. கரியமில வாயு ஏறி மயங்கிக்கொண்டிருக்கிறார். கை சூடாக இருக்கும், நாடி துள்ளும், கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடித்துக்கொள்ளும். அதற்கு முந்தைய நாளே "காலையில தலை வலிக்குது" என்று சொல்லியிருப்பார்.

ஆக்சிஜன் அதிகமானால் மூச்சு விடும் உந்துதல் குறைந்துவிடும் என்றுதான் எங்களுக்குக் கல்லூரியில் சொல்லிக் கொடுத்தார்கள். அது ஒரு பகுதிதான். காற்று சரியாகப் போகாத இடங்களுக்கு நுரையீரல் ரத்தத்தைக் குறைத்து அனுப்பும். அதிக ஆக்சிஜன் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி, கழிவு வாயு வெளியேற முடியாத இடத்துக்கு ரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. காரணம் எதுவானாலும் பலன் தெளிவானது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே நடத்திய ஓர் ஆய்வு 2010-இல் வெளியானது. 88 முதல் 92-க்குள் அளந்து ஆக்சிஜன் கொடுத்தவர்களிடம் இறப்பு, தாராளமாகத் திறந்துவிட்டவர்களைவிடப் பாதிக்கும் கீழே இருந்தது. இதற்காகத் திணறுகிறவருக்கு ஆக்சிஜன் கொடுக்கப் பயப்படவும் கூடாது. 75-இல் இருப்பவருக்கு உடனே கொடுங்கள். 88-ஐத் தொட்டதும் குறைக்கத் தொடங்குங்கள், அவ்வளவுதான். சொந்தக்காரர்களிடம் "தொடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால் தொடுவார்கள். "அம்மாவுக்கு 90-தான் சரியான அளவு, 95 ஆனா என்னைக் கூப்பிடுங்க" என்று சொல்லி, கட்டில் தலைமாட்டில் எழுதியும் ஒட்டிவிட்டால் அவர்களே காவல் காப்பார்கள்.

எந்தக் கருவியில் எவ்வளவு என்பதையும் கவனியுங்கள். மூக்குக் குழாயில் 1 முதல் 4 லிட்டர் வரை வசதி. 6-க்கு மேல் மூக்கு வறண்டு ரத்தம் வரும், பெரிய லாபமும் இல்லை. சாதா மாஸ்க்கை 5 லிட்டருக்குக் கீழே வைக்கக் கூடாது. விட்ட மூச்சையே திரும்ப இழுப்பார். பை வைத்த என்ஆர்பிஎம் மாஸ்க்குக்கு 10 முதல் 15 லிட்டர். மாட்டும் முன் பை உப்பியிருக்க வேண்டும், மூச்சு இழுக்கும்போது சப்பையாகிவிடக் கூடாது. வெஞ்சுரி மாஸ்க்கில் நிறத்துக்கு ஓர் அளவு; நீலம் 24 சதவீத ஆக்சிஜன், வெள்ளை 28. சிஓபிடிக்கு அதுதான் நல்லது, இருந்தால். சாப்பிடும்போது மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வெறும் காற்றில் விடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. அந்தப் பத்து நிமிடத்துக்கு மூக்குக் குழாயை மாட்டுங்கள்.

இன்னொரு ஊருக்கு அனுப்பும்போது சிலிண்டர் கணக்கு போட்டே ஆக வேண்டும். சின்ன பி டைப் சிலிண்டரில் நிரம்ப இருந்தால் சுமார் 1500 லிட்டர். 5 லிட்டரில் 5 மணி நேரம். 15 லிட்டரில் ஒன்றரை மணி நேரம் கொஞ்சம் கூட. முள் பாதியில் நின்றால் நேரமும் பாதி. மருத்துவக் கல்லூரிக்கு இரண்டு மணி நேரப் பயணம், நோயாளி 10 லிட்டரில் இருக்கிறார், முள் பாதியில் என்றால் வண்டி கிளம்பக் கூடாது. இதை டிரைவரிடம் விட்டுவிடாமல் நர்ஸே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

மருந்தே இல்லாத வைத்தியம் ஒன்று உண்டென்றால் அது உட்காரவைப்பது. கட்டிலில் சரிந்து, தாடை நெஞ்சில் முட்ட, இடுப்பு மடங்கிக் கிடப்பவரை இரண்டு பேர் சேர்ந்து மேலே இழுத்து நிமிர்த்தினாலே சாச்சுரேஷன் இரண்டு மூன்று புள்ளி ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தும் கைப்பிடி உடைந்திருந்தால் முதுகுக்குப் பின்னால் ஸ்டூலைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தலையணை. முன்னால் சாய ஒரு மேசை. ஒரு பக்க நுரையீரலில் நிமோனியா என்றால் பொதுவாக நல்ல பக்கத்தைக் கீழே வைத்துப் படுக்கவைத்தால் ஆக்சிஜன் கூடும். ரத்தமாக இருமுகிறவருக்கு மட்டும் இது தலைகீழ்: ரத்தம் வரும் பக்கம் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் அது நல்ல நுரையீரலுக்குள் வடிந்துவிடும். படுக்கவைத்தபடி டம்ளரில் பால் ஊற்றுவதை எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள். திணறுகிறவருக்கு மூன்று வேளை வயிறு நிறையச் சாப்பாடு முடியாது. மெல்லவும் விழுங்கவும்கூட மூச்சு வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை, சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தபடி.

நெஞ்சுக்குள் சேர்ந்த காற்றையும் நீரையும் குழாய் வழியே வடிக்கும் ஐசிடி பாட்டிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, ஆனால் ஒரு காட்சியை மாதத்துக்கு ஒருமுறையாவது பார்க்கிறேன். எக்ஸ்ரேவுக்குப் போகும் நோயாளி சக்கர நாற்காலியில். பின்னால் மச்சான், பாட்டிலைத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குளுக்கோஸ் பாட்டில் என்ற நினைப்பில். பாட்டிலில் இருப்பதெல்லாம் நெஞ்சுக்குள் திரும்பப் போகும். பாட்டில் எப்போதும் நெஞ்சுக்குக் கீழே. குழாயின் நுனி 2 சென்டிமீட்டர் தண்ணீருக்குள். மூச்சுக்கு ஏற்றபடி தண்ணீர் ஏறி இறங்கினால் வேலை செய்கிறது. அசைவே இல்லை என்றால் குழாய் அடைத்திருக்கும், மடங்கியிருக்கும், அல்லது நுரையீரல் விரிந்திருக்கும். குமிழி வந்துகொண்டிருக்கும் குழாயைப் பயணத்துக்காகக் கிளாம்ப் போடக் கூடாது. உள்ளே காற்று சேர்ந்து அழுத்தினால் நிமிடங்களில் உயிர் போகும். பாட்டில் உடைந்தால் குழாய் நுனியைக் கையில் கிடைக்கும் சலைன் பாட்டிலுக்குள் முக்குங்கள். தேங்கிய நீரை முதல் நாளே முழுக்க வடிக்காமல் ஒன்று, ஒன்றரை லிட்டரில் நிறுத்துவார்கள். நோயாளி இருமத் தொடங்கினாலோ நெஞ்சைப் பிடித்தாலோ அதற்கு முன்பே நிறுத்திச் சொல்ல வேண்டியது நாம்.

சளி பரிசோதனைக்கு டப்பாவைக் கையில் கொடுத்து "துப்பிட்டு வாங்க" என்றால் எச்சில்தான் வரும். வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சை இழுத்து, அடியிலிருந்து இருமிக் காட்ட வேண்டும். நானே இருமிக் காட்டுவேன், சிரிப்பார்கள், பரவாயில்லை. திறந்த வெளியில், ஆட்கள் இல்லாத பக்கம். கழிவறையில் வேண்டவே வேண்டாம். வார்டு ஜன்னலைக் குளிருக்காக மூடுவார்கள். ரவுண்ட்ஸ் போகும்போதெல்லாம் திறந்துவிட்டுக்கொண்டே போவேன். காசநோய் வார்டில் நமக்கு எத்தனை மாஸ்க் இருந்தாலும் காற்றோட்டத்துக்கு ஈடில்லை.

கடைசியாக இன்ஹேலர். டிஸ்சார்ஜ் அன்றைக்கு மருந்துச் சீட்டோடு கொடுத்து அனுப்பிவிடுகிறோம், அடுத்த மாதம் அதே ஆள் அதே கட்டிலில். ஒரு விவசாயி, "அந்த மாத்திரைல பவரே இல்ல சிஸ்டர்" என்றார். விசாரித்தால், ரோட்டாஹேலர் கருவியில் போட்டு மூச்சோடு இழுக்க வேண்டிய பவுடர் கேப்ஸ்யூலான ரோட்டாகேப்ஸைக் காலையும் இரவும் தண்ணீர் ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் மேல் என்ன தப்பு? கேப்ஸ்யூலைப் பார்த்தால் விழுங்கத்தானே தோன்றும். அதனால் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டு, "எப்படி எடுப்பீங்க, எனக்குக் காட்டுங்க" என்று கேட்க ஆரம்பித்தேன். பாதிப் பேர் ரோட்டாஹேலருக்குள் ஊதுகிறார்கள். பம்ப்பை அழுத்திவிட்டு அப்புறம் மூச்சை இழுக்கிறார்கள். பம்ப் என்றால் குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, மெதுவாக இழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, பத்து எண்ணும்வரை அடக்க வேண்டும். பவுடர் என்றால் நேர்மாறு: வேகமாக, ஆழமாக ஒரே இழுப்பு.

கை நடுங்கும் வயதானவர்களுக்கும் குழந்தைகளுக்கும், பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைப் பிடித்துவைக்கும் ஸ்பேசர் இல்லாமல் பம்ப் வீண். வாங்க வசதி இல்லை என்றால் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் பம்ப்பின் வாய் இறுக்கமாக நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, இடுக்கை ஒட்டிவிட்டால் போதும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகளிடம் சோதித்து, கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்கிறது என்று 1999-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

"இதைப் புடிச்சா விடவே முடியாதாமே சிஸ்டர், பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க" என்று ஒரு பாட்டி கேட்டார். "நீங்க முழுங்குற சால்பூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம் பாட்டி. இந்தப் பம்ப்ல ஒரு அழுத்தத்துக்கு 0.1 மில்லிகிராம். ஒரு மாத்திரைக்கு நாற்பது தடவை அழுத்தணும். எது பெருசு?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அவ மாத்திரையைத்தான் நிறுத்தணும்" என்றார். அதுவும் சரிதான். ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் என்றால் எடுத்த பின் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்ல மறக்காதீர்கள், இல்லையென்றால் நாக்கில் வெள்ளை படிந்து, எரிச்சலில் அதையும் விட்டுவிடுவார்கள்.

சால்பூட்டமால் பம்ப் ஒன்றில் 200 அழுத்தம். பல டப்பாக்களில் எண்ணிக்கை காட்டும் சக்கரம் கிடையாது. தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்க்கும் வழக்கமும் நம்பத்தக்கது இல்லை. பிரித்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதிக் கொடுக்கிறேன். ஓபிக்குத் திரும்பி வரும்போது "இழுப்பு எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்ல" என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பதில் டப்பாவை வாங்கித் தேதியைப் பார்ப்பேன். ஆஸ்துமாக்காரர் அவசரத்துக்கு வைத்திருக்கும் அந்தப் பம்ப் வருடத்துக்கு மூன்று தீர்ந்தாலே ஆபத்து கூடுகிறது என்கிறது ஆஸ்துமாவுக்கான உலகளாவிய ஜினா வழிகாட்டி. ஒரே மாதத்தில் ஒன்று காலியாகியிருந்தால், புது டப்பாவை மட்டும் எழுதி வாங்கிக்கொடுத்து அனுப்பாமல், அன்றைக்கே அவரை டாக்டர் முன்னால் உட்காரவைத்துவிடுவேன்.